வீட்ல ரெண்டு மூணு மானிட்டர் மாட்டறது எப்படி: போர்ட் பாக்கறதுல இருந்து கேபிள் கட்டற வரைக்கும்

பெங்களூர் அல்சூர்ல இருக்கற எங்க அக்கா வீட்ல இருந்தே சின்ன சின்ன கடைங்களுக்கு ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டுக் குடுக்கறாங்க. டாலி ஒரு விண்டோ, எக்ஸெல் ஒரு விண்டோ, போர்ட்டல் ஒரு விண்டோ, கடைக்காரங்க வாட்ஸாப்ல அனுப்பற பில் போட்டோ இன்னொரு விண்டோ, இத்தனையும் ஒரே 15 இன்ச் லேப்டாப் ஸ்க்ரீன்ல. மாசம் 20ம் தேதி நெருங்குனா ஆல்ட் டேப் அமுக்கி அமுக்கியே ராத்திரி ஆயிடும், நடுவுல ஒரு நம்பரை மாத்தி அடிச்சுட்டா மறுபடியும் முதல்ல இருந்து. அதனால ஒரு லீவ் நாள்ல போய் ரெண்டு மானிட்டர் மாட்டிக் குடுத்தேன். அன்னைக்கு நடந்தது, அதுக்கு முன்னாடி பிடிஎம் லேஅவுட்ல எங்க வீட்லயும் ஃப்ரெண்ட்ஸ் வீட்லயும் மாட்டுனப்போ கத்துக்கிட்டது எல்லாத்தையும் சேத்து எழுதறேன். நான் பாத்த வரைக்கும் மானிட்டர் வாங்கி ஏமாந்தவங்க கம்மி, மானிட்டரையும் மெஷினையும் இணைக்கற போர்ட்லயும் கேபிள்லயும் ஏமாந்தவங்கதான் ஜாஸ்தி.

மானிட்டர் வாங்கறதுக்கு முன்னாடி மெஷினோட முதுகைப் பாருங்க

கடைக்குப் போறதுக்கு முன்னாடி போன்ல டார்ச் போட்டு கம்ப்யூட்டருக்குப் பின்னாடி குனிஞ்சு பாருங்க, ஒரு போட்டோ எடுத்துக்கோங்க. அந்த போட்டோ கையில இருந்தா கடையில யாரும் உங்களுக்கு வேண்டாததை விக்க முடியாது.

எச்டிஎம்ஐ போர்ட்னா கீழ ரெண்டு மூலையும் உள்பக்கமா சாஞ்சிருக்கும். டிஸ்ப்ளேபோர்ட் பாக்க அதே மாதிரிதான், ஆனா ஒரு மூலை மட்டும் வெட்டுன மாதிரி இருக்கும். நீலக் கலர்ல 15 ஓட்டையோட இருக்கறது விஜிஏ. நிறைய ஓட்டையும் ஒரு தட்டையான கோடு மாதிரி ஓட்டையும் சேந்து, பெரும்பாலும் வெள்ளைக் கலர்ல இருந்தா அது டிவிஐ. பழைய மெஷின்ல இந்த ரெண்டும் இருக்கும், இருந்தா ஒதுக்காதீங்க, ரெண்டாவது மானிட்டருக்கு தாராளமா உதவும்.

டெஸ்க்டாப்னா ஒரு விஷயம் கவனிக்கணும். கிராஃபிக்ஸ் கார்டு இருந்தா வீடியோ போர்ட் ரெண்டு இடத்துல இருக்கும். மேல யூஎஸ்பி, கீபோர்ட் எல்லாம் சொருகற இடத்துல இருக்கறது மதர்போர்டோடது, கீழ படுக்கை வசத்துல வரிசையா இருக்கறது கார்டோடது. மானிட்டர் எல்லாத்தையும் கீழ இருக்கற கார்டுலதான் சொருகணும். ஒண்ணை மேலயும் ஒண்ணை கீழயும் சொருகிட்டு ஒரு மானிட்டர் மட்டும் வருதேன்னு மண்டையை உடைச்சுக்கறவங்களை நிறைய பாத்துட்டேன். கார்டு போட்டதும் மதர்போர்ட் வீடியோ போர்ட் சும்மா ஆயிடறது நிறைய மெஷின்ல நடக்கும், வேணும்னா பயோஸுக்குள்ள (மெஷின் ஆன் ஆகும்போதே திறக்கற செட்டிங்ஸ்) போய் உள்ளிருக்கற கிராஃபிக்ஸையும் ஆன் பண்ணலாம், மல்டி மானிட்டர்ங்கற மாதிரி பேர்ல ஒரு ஆப்ஷன் இருக்கும். ஆனா இன்டெல் ப்ராசஸர் பேர் எஃப்ல முடிஞ்சா, உதாரணத்துக்கு ஐ5 12400எஃப், அதுல உள்ள கிராஃபிக்ஸே கிடையாது, அதனால மதர்போர்ட் போர்ட்ல என்ன பண்ணாலும் படம் வராது. நிவிடியா கார்டுங்க பெரும்பாலும் 4 மானிட்டர் வரைக்கும் தாங்கும், சின்ன கார்டுனா அதுல எத்தனைன்னு பாத்துக்கோங்க.

லேப்டாப்ல பெரும்பாலும் எச்டிஎம்ஐ ஒண்ணு இருக்கும், ரெண்டாவது மானிட்டருக்கு யூஎஸ்பி-சிதான் வழி. ஆனா எல்லா யூஎஸ்பி-சி ஓட்டையிலயும் வீடியோ வராது. பக்கத்துல டியும் (D) பியும் (P) ஒண்ணுக்குள்ள ஒண்ணு பின்னுன மாதிரி குறி இருந்தா வரும், மின்னல் குறியோட தண்டர்போல்ட் போர்ட்னாலும் வரும். ஒண்ணுமே போடலைன்னா மாடல் நம்பரை வெச்சு கம்பெனி சைட்ல ஸ்பெசிஃபிகேஷன் பாருங்க, டிஸ்ப்ளேபோர்ட்னு எழுதியிருக்கணும். போன் சார்ஜர் கூட வந்த சி கேபிள்ல பெரும்பாலும் வீடியோ போகாது, ஓட்டையில கச்சிதமா உக்காருதேன்னு நம்பிடாதீங்க.

மேக் வெச்சிருக்கறவங்க இந்த இடத்தை நிதானமா படிங்க. எம்1, எம்2 மேக்புக் ஏர் ரெண்டும் வெளி மானிட்டர் ஒண்ணுதான் ஓட்டும். எம்3 ஏர்ல ரெண்டு ஓடும், ஆனா லேப்டாப் மூடியை மூடி வெச்சா மட்டும். எம்4 ஏர்ல மூடி திறந்திருந்தாலும் ரெண்டு ஓடும். பழைய ஏர்ல எப்படியாவது ரெண்டு வேணும்னா டிஸ்ப்ளேலிங்க் சிப் இருக்கற டாக் (ஒரே ஓட்டையில சொருகி நிறைய போர்ட் எடுக்கற பெட்டி) வாங்கி அதோட சாஃப்ட்வேரைப் போட்டா ஓடும். அது ஸ்க்ரீன் ரெக்கார்டிங் பர்மிஷன் வாங்கித்தான் வேலை செய்யும், அதனால ஓடிடி படம் போட்டா கறுப்பா நிக்கும். எக்ஸெல், மெயில், கோடிங் வேலைக்கு ஒரு குறையும் இல்ல.

எந்த சைஸ் வாங்கலாம்

என் அபிப்ராயம் இதுதான்: 24 இன்ச்னா 1080பி (1920 x 1080 பிக்ஸல்) போதும், 27 இன்ச்னா 1440பிக்குக் (2560 x 1440) கீழ வாங்காதீங்க. 24 இன்ச் 1080பில ஒரு இன்ச்சுக்கு 92 பிக்ஸல் கிட்ட வரும், அதே 1080பியை 27 இன்ச்ல இழுத்தா 82க்கு இறங்கிடும், நாள் பூரா எழுத்து படிக்கறவங்க கண்ணு அதை உடனே கண்டுபிடிச்சிடும். 27 இன்ச் 1440பினா 109 வரும், அது ரொம்ப நல்ல இடம். மேக்னா இன்னும் ஒரு படி மேல போய் 27 இன்ச் 4கே (3840 x 2160) வாங்குங்க, கம்மி பிக்ஸல் மானிட்டர்ல மேக் எழுத்து கொஞ்சம் மங்கலாத்தான் தெரியும்.

முடிஞ்சா ரெண்டும் ஒரே மாடலா வாங்குங்க. வேற வேற கம்பெனினா ஒண்ணுல வெள்ளை மஞ்சளாவும் இன்னொண்ணுல நீலமாவும் தெரியும், அதை சரி பண்ணி சரி பண்ணியே அலுத்துடும். சைடுல இருந்து பாத்தாலும் கலர் மாறாத ஐபிஎஸ் பேனல் எடுங்க, சைடுல இருந்து பாக்கற மானிட்டருக்கு அது ரொம்ப முக்கியம். ஒண்ணை நெட்டுக்குத்தலா நிறுத்தப் போறீங்கன்னா, சாய்ச்சுப் பாத்தா கலர் மாறிடற டிஎன் பேனல் பக்கமே போகாதீங்க.

மேஜையையும் அளந்துட்டுப் போங்க. 24 இன்ச் மானிட்டர் அகலம் சுமாரா 54 செமீ, ரெண்டு போட்டா 108. நாலடி மேஜை 122 செமீ, அதுல வசதியா உக்காரும். 27 இன்ச்னா ஒண்ணே 61 செமீ வரும், ரெண்டு போட்டா நாலடி மேஜையில ஒரு விரல் இடம் மிஞ்சாது. நம்ம பெங்களூர் வாடகை வீட்டு பெட்ரூம்ல கட்டில் போட்டது போக மிச்ச இடத்துல நாலடி மேஜை போடறதே பெரிய விஷயம், அதனாலதான் அக்காவுக்கு 24 இன்ச்லயே நிறுத்திட்டேன்.

எஸ்பி ரோடும் கேபிளும்

கேபிள், கன்வெர்ட்டர் எல்லாம் கையால தொட்டுப் பாத்து வாங்கணும்னா பெங்களூர்ல எலக்ட்ரானிக்ஸ் கடைங்க வரிசையா இருக்கற எஸ்பி ரோடுதான். மெட்ரோ க்ரீன் லைன்ல சிக்பேட்டேயில இறங்கி நடந்துடலாம். ஞாயித்துக்கிழமை பாதிக்கு மேல ஷட்டர் இறங்கியிருக்கும், வார நாள்ல போங்க. போனதும் கவுண்டர்ல "எஷ்டு மீட்டர் பேக்கு?"ன்னுதான் முதல் கேள்வி வரும். ஒன்றரை மீட்டர், மிஞ்சிப் போனா ரெண்டு மீட்டர்னு சொல்லுங்க. எதுக்கும் இருக்கட்டும்னு அஞ்சு மீட்டர் வாங்கறதுதான் தப்பு, நீளம் கூடக் கூட சிக்னல் பலவீனமாகும், அதுவும் 4கேனா சீக்கிரமே கண்ணுக்குத் தெரிஞ்சிடும்.

எச்டிஎம்ஐல நம்பரைப் புரிஞ்சுக்கிட்டா போதும். 1.4ல 4கே போட்டா செகண்டுக்கு 30 தடவைதான் படம் மாறும், 2.0ல 60 தடவை. எனக்கு ஒரு கடையில 4கேன்னு கொட்டை எழுத்துல போட்ட அடாப்டரைக் குடுத்தாங்க, வீட்ல வந்து மாட்டுனா மவுஸ் தண்ணிக்குள்ள நகர்ற மாதிரி இழுத்துக்கிட்டே போச்சு, செட்டிங்ஸ்ல பாத்தா 30 ஹெர்ட்ஸ். பெட்டியில 4கேன்னு போட்டிருக்கறது பொய் இல்ல, ஆனா அது பாதி விஷயம்தான், 4கே பக்கத்துல 60 ஹெர்ட்ஸ்னும் இருக்கான்னு தேடிப் பாருங்க. கேபிள்னா ப்ரீமியம் ஹை ஸ்பீட்னு ஸ்கேன் பண்ற லேபிளோட வர்றது 4கே 60க்குப் போதும், அல்ட்ரா ஹை ஸ்பீட்னா அதுக்கும் மேல.

டிஸ்ப்ளேபோர்ட்டை நான் எச்டிஎம்ஐயை விட ஒரு படி மேல வெப்பேன். 1.2லயே 4கே 60 போகும், அது தவிர எம்எஸ்டின்னு ஒரு வசதி இருக்கு: மெஷின்ல இருந்து ஒரே கேபிள் முதல் மானிட்டருக்கு, அங்கிருந்து இன்னொரு கேபிள் அடுத்த மானிட்டருக்குன்னு சங்கிலி மாதிரி கோத்துக்கிட்டே போகலாம். அதுக்கு முதல் மானிட்டர்ல டிஸ்ப்ளேபோர்ட் அவுட்னு தனியா ஒரு ஓட்டை இருக்கணும், அதோட மெனுவுல எம்எஸ்டி ஆன் பண்ணணும், கடைசி மானிட்டர்ல ஆஃப்ல விடணும். எச்டிஎம்ஐல இது நடக்காது. மேக்கும் இதை ஆதரிக்காது, ரெண்டு மானிட்டர்லயும் ஒரே படம்தான் வரும்.

கன்வெர்ட்டருக்குத் திசை உண்டு. கம்ப்யூட்டர்ல டிஸ்ப்ளேபோர்ட், மானிட்டர்ல எச்டிஎம்ஐனா சாதா கேபிளே பெரும்பாலும் போதும். அதே கேபிளைத் திருப்பி, கம்ப்யூட்டர்ல எச்டிஎம்ஐ, மானிட்டர்ல டிஸ்ப்ளேபோர்ட்னு மாட்டுனா ஒண்ணும் வராது, அதுக்கு யூஎஸ்பில கரண்ட் எடுக்கற ஆக்டிவ் கன்வெர்ட்டர் தனியா வாங்கணும். கடையில கேக்கும்போது எதுல இருந்து எதுக்குன்னு கம்ப்யூட்டர் பக்கத்தை முதல்ல சொல்லிக் கேளுங்க.

மாட்டற நாள்

மெஷினை ஆஃப் பண்ணிட்டு மாட்டுங்க, ஆன்ல இருக்கும்போது மாட்டுனாலும் ஒண்ணும் ஆகாது, ஆனா புது செட்டப்னா ஆஃப்ல இருந்து ஆரம்பிச்சா குழப்பம் கம்மி. டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் மேல ஒரு சின்ன பட்டன் இருக்கும், உள்ள போகும்போது டக்னு பிடிச்சுக்கும், கழட்டும்போது அந்த பட்டனை அமுக்கிட்டுத்தான் இழுக்கணும், வெடுக்குனு இழுத்தா போர்ட்டே போயிடும். விஜிஏ, டிவிஐக்கு ரெண்டு பக்க ஸ்க்ரூவையும் திருகி விடுங்க.

இப்போ ஆன் பண்ணுங்க. "நோ சிக்னல்"னு வந்தா பதறாதீங்க, மானிட்டர் பட்டனை அமுக்கி இன்புட்ல நீங்க சொருகுன போர்ட்டைத் தேர்ந்தெடுங்க, நிறைய பேருக்கு பிரச்சினை இங்கயே முடிஞ்சிடும். பழைய விஜிஏ மானிட்டர்ல படம் ஒரு பக்கம் ஒதுங்கி இருந்தா ஆட்டோன்னு ஒரு பட்டன் இருக்கும், அதை ஒரு தடவை அமுக்குங்க.

விண்டோஸ்ல விண்டோஸ் கீயையும் பியையும் (P) சேத்து அமுக்குனா நாலு ஆப்ஷன் வரும், எக்ஸ்டெண்ட் எடுங்க. டூப்ளிகேட்ல விட்டுட்டு ரெண்டுலயும் ஒரே படம் வருதேன்னு கேக்கறவங்க உண்டு. அப்புறம் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே போங்க. அங்க 1, 2, 3னு கட்டம் இருக்கும், ஐடென்டிஃபை அமுக்குனா எந்த மானிட்டர் எந்த நம்பர்னு ஸ்க்ரீன்லயே பெருசா காட்டும். மேஜையில மானிட்டருங்க எப்படி நிக்குதோ அதே வரிசையில கட்டத்தை இழுத்து வைங்க, உயரமும் அதே மாதிரி. இதை அவசரமா செஞ்சா மவுஸ் ஒரு மானிட்டர்ல இருந்து இன்னொண்ணுக்குப் போகும்போது மூலையில செவுத்துல முட்டுன மாதிரி நிக்கும். நான் ஒரு எக்ஸெல் விண்டோவை ரெண்டு மானிட்டருக்கும் பாதிப் பாதியா இழுத்து விட்டு, ஒரே வரி ரெண்டு பக்கமும் நேர்கோட்ல வருதான்னு பாத்துப் பாத்து கட்டத்தை மேலயும் கீழயும் நகத்துவேன், ரெண்டு நிமிஷ வேலைதான், தினமும் நூறு தடவை உதவும்.

அதே பக்கத்துல ஜாஸ்தி பாக்கற மானிட்டரைத் தேர்ந்தெடுத்து மெயின் டிஸ்ப்ளே ஆக்குங்க. ஸ்கேலிங்கையும் (எழுத்து, ஐகான் எவ்ளோ பெருசா தெரியணும்ங்கறது) பாருங்க, 24 இன்ச் 1080பிக்கு 100 சதவீதம், 27 இன்ச் 4கேக்கு 150. அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே உள்ள போய் ரிஃப்ரெஷ் ரேட் (செகண்டுக்கு எத்தனை தடவை படம் மாறுதுன்னு) பாக்க மறக்காதீங்க, 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கி வருஷக்கணக்கா 60லயே ஓட்டிக்கிட்டு இருப்பாங்க. லேப்டாப்பை மூடி வெச்சு ஓட்டணும்னா கன்ட்ரோல் பேனல்ல பவர் ஆப்ஷன்ஸ் போய், மூடியை மூடுனா சார்ஜர்ல இருக்கும்போது டூ நத்திங்னு வைங்க.

மேக்ல சிஸ்டம் செட்டிங்ஸ், டிஸ்ப்ளேஸ், அரேஞ்ச். உபுண்டுல செட்டிங்ஸ்ல டிஸ்ப்ளேஸ். ரெண்டுலயும் கட்டத்தை இழுத்து வைக்கறது அதே மாதிரிதான்.

கழுத்து

இதைத்தான் பாதிப் பேர் விட்டுடறாங்க, மூணு மாசம் கழிச்சு கழுத்து வலின்னு வருவாங்க. ஒரு மானிட்டரை ஜாஸ்தி பாப்பீங்கன்னா அது மூக்குக்கு நேரா, இன்னொண்ணு சைடுல கொஞ்சம் உங்களைப் பாத்து திரும்பின மாதிரி. ரெண்டையும் சமமா பாப்பீங்கன்னா ரெண்டும் சேர்ற கோடு மூக்குக்கு நேரா வரணும். தூரம், கையை நீட்டுனா விரல் ஸ்க்ரீனைத் தொடற அளவு. மேல் விளிம்பு கண்ணு மட்டத்துல இல்லேன்னா கொஞ்சம் கீழ. ஜன்னல் மானிட்டருக்குப் பின்னாடியும் வேண்டாம், உங்க முதுகுக்குப் பின்னாடியும் வேண்டாம், பக்கவாட்டுல இருக்கட்டும்.

அக்காவுக்கு இதுல ஒரு மாத்தம் பண்ண வேண்டி வந்துச்சு. கண்ணு மட்டத்துக்கு சரியா வெச்சுட்டு நான் பாட்டுக்கு கேபிள் கட்டிக்கிட்டு இருந்தேன், நிமிந்து பாத்தா அவங்க மோவாயைத் தூக்கித் தூக்கி படிச்சுக்கிட்டு இருக்காங்க. வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்டிருக்காங்க, படிக்கற பவர் கண்ணாடியோட கீழ் பாதியில இருக்கு, அதனால மானிட்டரோட மேல் பாதியைப் பாக்கணும்னா தலையைப் பின்னால சாய்க்க வேண்டியதா இருக்கு. ரெண்டு இன்ச் இறக்கி, ஸ்க்ரீனை லேசா மேல பாத்த மாதிரி சாய்ச்சு விட்டதும் மோவாய் தானா இறங்கிடுச்சு. வீட்ல பெரியவங்களுக்கு மாட்டும்போது அவங்க பாட்டுக்கு அஞ்சு நிமிஷம் வேலை பாக்கட்டும், நீங்க மோவாயை மட்டும் கவனிங்க.

ஸ்டாண்டுக்குப் பதிலா மானிட்டரைத் தாங்கற ஆர்ம் மாட்டறதா இருந்தா மானிட்டருக்குப் பின்னாடி நாலு ஸ்க்ரூ ஓட்டை இருக்கான்னு பாருங்க, 75 மிமீ இல்லேன்னா 100 மிமீ சதுரமா இருக்கும், விலை கம்மி மாடல் சிலதுல இருக்கவே இருக்காது. மரத்தூள் பலகை மேஜைனா க்ளாம்ப்க்கு அடியில ஒரு ப்ளைவுட் துண்டு வெச்சு இறுக்குங்க, இல்லேன்னா பலகை நசுங்கிடும். கண்ணாடி மேஜையில ஆர்ம் வேண்டவே வேண்டாம்.

எழுந்தா அணையற மானிட்டர்

அக்கா வீட்ல எல்லாம் முடிச்சு காபி குடிச்சுக்கிட்டு இருக்கும்போது, "டேய், நான் எழுந்தா இடது பக்க ஸ்க்ரீன் அணைஞ்சு அணைஞ்சு வருதுடா"ன்னாங்க. சும்மா சொல்றாங்களோன்னு நினைச்சு, "இன்னொரு தடவை உக்காந்து எழுந்திரு க்கா"ன்னேன். எழுந்தாங்க, நாற்காலி புஸ்னு மேல ஏறுச்சு, இடது மானிட்டர் கறுப்பாகி ரெண்டு செகண்ட் கழிச்சு வந்துச்சு. மூணு தடவை பாத்தோம், மூணு தடவையும் அதேதான்.

காரணம் நாற்காலிதான். உயரம் ஏத்தி இறக்கற கேஸ் சிலிண்டர் இருக்கற ஆபீஸ் நாற்காலியில இருந்து எழும்போதும் உக்காரும்போதும் ஒரு சின்ன மின் அதிர்வு கிளம்பும், உறை சரியில்லாத வீடியோ கேபிள் அதை ஆன்டெனா மாதிரி பிடிச்சுக்கும், மானிட்டர் ஒரு ரெண்டு செகண்ட் சிக்னலை விட்டுட்டு மறுபடியும் பிடிக்கும். அங்க மாட்டியிருந்தது வீட்ல கிடந்த மூணு மீட்டர் எச்டிஎம்ஐ, மிச்ச நீளத்தை சுருட்டி நாற்காலிக்குப் பக்கத்துலயே தொங்க விட்டிருந்தேன். அடுத்த நாள் ஒன்றரை மீட்டர்ல ப்ரீமியம் லேபிள் போட்ட கேபிள் வாங்கி மேஜைக்குப் பின்பக்கமா கொண்டு போனேன், அதோட நின்னுச்சு. உங்க வீட்ல மானிட்டர் அப்பப்போ அணைஞ்சு வந்தா, மானிட்டரைத் திருப்பிக் குடுக்கறதுக்கு முன்னாடி கேபிளை மாத்திப் பாருங்க.

வேற சில கோளாறுங்க. ஒரு மானிட்டர்ல கறுப்பு சாம்பல் மாதிரி வெளுத்துத் தெரிஞ்சா கலர் ரேஞ்ச் லிமிடெட்ல இருக்கு, நிவிடியா கன்ட்ரோல் பேனல்ல அவுட்புட் டைனமிக் ரேஞ்சை ஃபுல் ஆக்குங்க. டிவியை மானிட்டரா போட்டு ஓரம் வெட்டுப்பட்டா கோளாறு டிவியோட மெனுவுல, ஜஸ்ட் ஸ்கேன், ஸ்க்ரீன் ஃபிட் மாதிரி பேர்ல இருக்கும். கழட்டுன மானிட்டர்லயே விண்டோ மாட்டிக்கிச்சுன்னா ஆல்ட் டேப்ல அதைத் தேர்ந்தெடுத்துட்டு விண்டோஸ் கீ, ஷிஃப்ட், அம்புக்குறி மூணையும் அமுக்குங்க, இந்தப் பக்கம் தாவி வந்துடும். தினசரி வேலைக்கும் இதே ஷார்ட்கட்தான், மவுஸால இழுக்கவே வேண்டாம். ஸ்க்ரீன் மொத்தமா உறைஞ்சு நின்னா விண்டோஸ் கீ, கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நாலையும் சேத்து அமுக்குனா கிராஃபிக்ஸ் டிரைவர் மட்டும் ரீஸ்டார்ட் ஆகும், திறந்திருக்கற ஃபைல் போகாது.

கரண்ட்

மழை ஆரம்பிச்சா பெங்களூர்ல கரண்ட் எப்படின்னு உங்களுக்கே தெரியும், அபார்ட்மென்ட்ல டிஜி (டீசல் ஜெனரேட்டர்) இருந்தாலும் அது கிளம்பறதுக்குள்ள டெஸ்க்டாப் ஆஃப் ஆயிடும். 24 இன்ச் மானிட்டர் 20லிருந்து 25 வாட்தான் எடுக்கும், அதனால சாதா 600 விஏ யூபிஎஸ்லயே ஆபீஸ் டெஸ்க்டாப்போட ரெண்டு மானிட்டரையும் போடலாம். சில யூபிஎஸ்ல பின்னாடி எல்லா சாக்கெட்டும் பேட்டரியில ஓடாது, சிலது கரண்ட் திடீர்னு எகிறுனா (சர்ஜ்) காப்பாத்தறதுக்கு மட்டும்தான், எழுதியிருக்கறதைப் படிச்சுட்டு சொருகுங்க. மெஷின் ஓடிக்கிட்டு இருந்து மானிட்டர் அணைஞ்சா சேவ் பண்ணக் கூட முடியாது.

எல்லாம் ஓடுனதுக்கு அப்புறம் கேபிளைக் கட்டுங்க, முன்னாடியே டை போட்டு இறுக்கிட்டா எப்படியும் ஒண்ணை வெட்ட வேண்டி வரும். ஆர்ம்ல மாட்டியிருந்தா ஆர்மை முழுசா நீட்டி வெச்சு அந்த நீளத்துக்கு விட்டுக் கட்டுங்க. ஒவ்வொரு கேபிளுக்கும் ரெண்டு முனையிலயும் மாஸ்கிங் டேப் ஒட்டி பேர் எழுதுங்க. அக்கா அவங்க கையாலேயே இடது, வலது, யூபிஎஸ்னு எழுதி ஒட்டியிருக்காங்க, போன வாரம் வீட்டைக் கழுவ மேஜையை நகத்திட்டு திரும்ப மாட்டும்போது எனக்கு போனே பண்ணல.